படுத்தெழும்பும்போது மேல் நோவது ஏன்?

விடியப்புறம் எழும்பி முற்றத்துக்கு வந்ததும் ஒரு கையால் மற்றத் தோளைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மெல்ல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பவர்களை எமது கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராவது காணலாம். என்ன வருத்தம் என்று கேட்டால், "ஒண்டுமில்லை, படுத்தெழும்பினால் மேல் நோகுது. வெயிலேற விட்டிடும்" என்பார்கள். பிடரியில் நோவு, தோள்மூட்டில் உளைவு, இரண்டு தோட்பட்டைக்கும் நடுவில் குத்து, நெஞ்சில் இறுக்கம், விரல்களில் விறைப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்குள் பல வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை படுக்கையையும் வேலை செய்யும் விதத்தையும் சற்று மாற்றினால் தீரக்கூடியவை. சில, மாதக்கணக்கில் பொறுமை வேண்டுபவை. ஒன்றிரண்டு, அரை மணித்தியாலமும் பொறுக்கக் கூடாதவை.

பொறுக்கக் கூடாததை முதலிற் சொல்லிவிடுகிறோம். மிகுதியை ஆறுதலாக வாசிக்கலாம்.

வாய்வு என்று நினைத்தது

எமக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் காலபோக அறுவடை நாளொன்றில், இன்னும் இருட்டாக இருக்கும்போதே, நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பதுபோல இருக்க எழும்பி உட்கார்ந்தார். இடத்தோளும் தாடையும் உளைந்தன. வேர்த்துக் கொட்டியது. முதல்நாள் நெல்மூட்டை ஏற்றியவர், அதனால்தான் தோள் நோகுது என்றார். வீட்டில் வாய்வு என்று நினைத்து உள்ளி சுட்டுக் கொடுத்தார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். முதுகில் எண்ணெய் தடவினார்கள். ஏழு மணிக்குப் பிறகுதான் முச்சக்கர வண்டி பிடித்தார்கள். வைத்தியசாலைக்குப் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. எண்ணெய் தடவிய மனைவி, தான் அன்றைக்கு வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் காண்பவரிடமெல்லாம் கேட்கிறார். இந்தக் கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

மாரடைப்பு எந்த நேரத்திலும் வரலாம். ஆனால் காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் அது கூடுதலாக ஏற்படுகிறது என்பதை 1985இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. துயிலெழும் வேளையில் குருதி அமுக்கமும் நாடித்துடிப்பும் ஏறுகின்றன. குருதி உறையும் தன்மையும் கூடுகிறது. இதயத்துக்குக் குருதி கொண்டுபோகும் குழாய் ஏற்கனவே ஒடுங்கியிருந்தால் அந்த நேரத்தில் அது முற்றாக அடைபடலாம். அப்போது வரும் நோவு நெஞ்சில் மட்டும் நிற்பதில்லை. இடக்கை, இரண்டு தோள்கள், கழுத்து, தாடை, முதுகின் மேற்பகுதி, மேல்வயிறு என்று பரவும். பெண்களுக்கும், சலரோகம் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் நெஞ்சுநோவே இல்லாமல் மூச்சுமுட்டல், களைப்பு, குமட்டல், முதுகு உளைவு என்ற அளவிலேயே வந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் அது வாய்வு என்ற பெயரில் எமது வீடுகளில் பல தடவை தவறிப் போகிறது.

தசை நோவு என்றால் கையை அசைக்கும்போதும், நோகும் இடத்தை விரலால் அமத்தும்போதும் கூடும். வாகாக வைத்தால் குறையும். இதய நோவு பெரும்பாலும் அப்படி மாறுவதில்லை. ஆனாலும் இந்தச் சோதனையை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம். நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சுமுட்டல், தலைச்சுற்று, கைக்கோ தாடைக்கோ பரவும் உளைவு ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்து வந்து, சில நிமிடங்களில் விடாமல் நின்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய என்னும் இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் தென்பகுதியில் தொடங்கி 2018இல் வடமாகாணத்துக்கும் வந்தது. காசு கேட்கமாட்டார்கள். நோயாளியை நடக்கவிடாமல், சைக்கிளில் ஏற்றாமல், சாய்த்து இருத்தி வையுங்கள். அஸ்பிரின் ஒவ்வாமையும் வயிற்றுப்புண் இரத்தப்போக்கும் இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுப்பது உயிர்காக்கக் கூடியது. அழைக்கும்போதே அதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் ஈ.சீ.ஜீ. எடுத்துப் பார்த்து, வாய்வுதான் என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் படுத்த படுக்கைகள்

இனி, ஆறுதலாகப் பேசக்கூடியவற்றுக்கு வருவோம்.

வன்னியில் இன்று ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தம் வாழ்நாளில் எத்தனை விதமான படுக்கைகளிற் படுத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தவர்கள் பாடசாலை வாங்குகளிலும் மரங்களின் கீழும் படுத்தார்கள். 1996இல் கிளிநொச்சியிலிருந்து எழும்பியவர்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் கிடுகுக் கொட்டில்களிற் படுத்தார்கள். 2008, 2009இல் பதுங்குகுழிக்குள் முழங்கால் மடித்து, தலையை மண்சுவரில் சாய்த்து, அருட்டப்பட்டு அருட்டப்பட்டு உறங்கியது எவருக்கும் மறக்காது. பிறகு செட்டிகுளம் மெனிக் பாமில், 2012 செப்ரெம்பரில் அது மூடப்படும்வரை, தறப்பாளின் கீழ். இடர்காலத் தங்குமிடங்களுக்கென உலகத் தொண்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட ஸ்பியர் அளவுகோல், ஒருவருக்குக் கூரையின் கீழ் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும் என்கிறது. அது ஏறக்குறைய 38 சதுர அடி. ஒரு கூடாரத்துக்குள் இரண்டு குடும்பம் படுத்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அளவுகோல் எதற்கு என்றால், உறங்கும் மனிதன் புரள வேண்டும். நல்ல உறக்கத்திலும் ஓர் இரவில் பல தடவை புரளுகிறோம். ஒரே பக்கமாக நீண்டநேரம் கிடந்தால் அந்தப் பக்கத்துத் தோள்மூட்டும் தசைகளும் நெரிபடும்; கையின் நரம்பு அழுந்தும். கழுத்து ஒரு பக்கம் கோணியபடி கிடந்தால் தசை இழுபட்டு இறுகும். புரள இடமில்லாமற் படுத்த உடம்பு, இடம் கிடைத்த பின்பும் பழைய வாகிலேயே கிடக்கப் பழகிவிடுகிறது.

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிமுடித்துப் பல வருடமாகிவிட்ட ஒரு தாயைச் சந்தித்தோம். இரண்டு அறையும் விறாந்தையும் உள்ள வீடு. அவர் இப்போதும் வாசற்படிக்கு அருகில், வலப்பக்கம் சரிந்து, வலக்கையைத் தலைக்குக் கொடுத்துத்தான் படுக்கிறார். விடிய வலத்தோள் உளைவும் கை விறைப்பும். ஏன் அந்தக் கையை எடுக்கக்கூடாது என்று கேட்டோம். "பிள்ளை படுத்த கை அது. பிள்ளை வளர்ந்து போட்டான், கை மட்டும் அங்கையே கிடக்குது" என்றார். தலையணை இருக்கிறதா என்றால், இருக்கிறது; விருந்தாளிகளுக்கு.

படுக்கை விடயத்தில் பணம் செலவழிக்கத் தேவையில்லை. சரிந்து படுப்பவருக்குத் தலையணை, காதுக்கும் தோள்முனைக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பும் உயரம் இருக்க வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதிலும் தாழ்வாக, பிடரியின் வளைவைத் தாங்கினாற் போதும். இரண்டு தலையணையை அடுக்கித் தலையை நெஞ்சுப்பக்கம் மடித்துப் படுப்பதும், ஒன்றுமே இல்லாமல் சரிந்து படுப்பதும் பிடரிக்குக் கேடு. பழஞ்சேலை, சாரம் ஆகியவற்றை மடித்துத் தைத்து உயரத்தைச் சரிபார்த்துக் கொள்ளலாம். இலவம்பஞ்சுத் தலையணை நாளடைவில் சப்பையாகிவிடும். பிரித்து வெயிலில் காயவைத்து அடைக்க வேண்டும். குப்புறப் படுப்பவர் இரவு முழுவதும் கழுத்தை ஒரு பக்கம் முறுக்கி வைத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை விடுவது நல்லது. ஒரு தோள் நோகுமானால் மறுபக்கம் சரிந்து, நோகும் கையை முன்னால் ஒரு தலையணையிலோ சுருட்டிய போர்வையிலோ தாங்கிப் படுங்கள். முதல் இரவிலேயே வித்தியாசம் தெரியும்.

வெறுநிலத்திற் படுப்பதுதான் முதுகுக்கு நல்லது என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. தொய்ந்த கயிற்றுக் கட்டிலைவிட நிலம் நல்லது. ஆனால் 2003இல் ஸ்பெயின் நாட்டில் நாரிநோவுள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மிகக் கடினமான மெத்தையிற் படுத்தவர்களைவிட நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையிற் படுத்தவர்களுக்கே நோவு கூடுதலாகக் குறைந்தது. சீமெந்து நிலத்தில் ஒற்றைப் பாய் போதாது. பாயின் கீழ் நன்றாகக் காய்ந்த வைக்கோலைச் சாக்கில் அடைத்துப் பரப்பலாம். தும்பு மெத்தை இருந்தால் நல்லது. மாரியில் நிலம் ஊறி வரும். ஈரம் மூட்டுவாதத்தை உண்டாக்குவதில்லை; ஆனால் குளிர்ந்த தசை இறுகும், ஏற்கனவே நோகும் மூட்டு கூடுதலாக நோகும். சாக்கின் அடியில் ஒரு தறப்பாள் துண்டை விரியுங்கள்.

நேற்றையும் முந்தாநாளும் செய்த வேலை

பழக்கமில்லாத வேலை செய்த தசை உடனே நோவதில்லை. அரை நாள் கழித்துத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து, பிறகு தானாக விடும். இடையில் வரும் இரவுகளில் உடம்பு அசையாமற் கிடப்பதால் விடியலில் இறுக்கம் அதிகம். ஆகவே செவ்வாய்க்கிழமை நோவுக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை வெட்டிய வரம்பாக இருக்கலாம். இந்த நோவுக்கு முழு ஓய்வு மருந்தல்ல. மெல்லிய அசைவும் இளஞ்சூடும்தான் மருந்து.

எந்த வேலை எந்த இடத்தைப் பிடிக்கும் என்பது எமது கமக்காரருக்கே தெரியும். மருந்தடிக்கும் ரேங் 16 லீற்றர் கொண்டது என்றால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. ஒரு கையால் விசையடித்துக் கொண்டு மறுகையால் குழாயைப் பிடித்து நடப்பவருக்குத் தோட்பட்டையும் பிடரியும் பிடிக்கும். ஒரு பக்கத்துத் தோளில் மட்டும் தொங்கவிடாமல் இரண்டு வாரையும் போட்டு, வார் வெட்டுமிடத்தில் சாக்குத் துணி மடித்து வைத்து, ரேங்குக்கு ரேங் கை மாற்றுங்கள். கிணற்றிலிருந்து வாளியால் இறைப்பவருக்குத் தோள்மூட்டு. தலையில் விறகும் தண்ணீரும் சுமப்பவருக்குக் கழுத்தெலும்பு. வருடக்கணக்காகச் சுமந்தால் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் தேய்ந்து, கைக்குப் போகும் நரம்பை நெருக்கும். அப்போது பிடரியில் தொடங்கும் நோவு மின்சாரம் ஓடுவதுபோலக் கைவழியே இறங்கும். கையின் பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சலம் கட்டுப்படாமற் போனாலோ அது உடனே வைத்தியரிடம் போக வேண்டிய நிலை.

இன்னுமொன்று. இரவில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி ஊதிக்கொள்கின்றன. காலையில் நாம் ஒன்றரைச் சென்றிமீற்றர் அளவுக்கு உயரமாகவே எழும்புகிறோம். அந்த நேரத்தில் குனிந்து பாரம் தூக்குவது தட்டுகளுக்குக் கெடுதி. எழும்பியவுடன் சாக்குத் தூக்காமல், முற்றம் கூட்டி, தேநீர் குடித்து, மாட்டை அவிழ்த்துக் கட்டி, பிறகு பாரத்தைத் தொடுங்கள்.

விறைப்பதும் இறுகுவதும்

நடுச்சாமத்தில் கை விறைத்து எழும்பி உதறுபவர்கள் எந்த விரல்கள் விறைக்கின்றன என்று பாருங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. பால் கறப்பவர், கிடுகு பின்னுபவர், நாள் முழுவதும் களை பிடுங்குபவர், கர்ப்பிணிகள், சலரோகமோ கேடயச் சுரப்பிக் குறையோ உள்ளவர்கள் இதற்கு ஆளாவதுண்டு. இரவில் மணிக்கட்டை மடியாமல் நேராக வைத்திருக்க ஒரு பட்டைத் தடியும் மெத்தென்ற துணியும் சுற்றிப் படுத்தாலே பலருக்குக் குறைகிறது. பெருவிரலின் அடித்தசை வற்றத் தொடங்கினால் தாமதிக்கக் கூடாது. சிறு சத்திரசிகிச்சை தேவைப்படலாம். சாராயம் குடித்துவிட்டுக் கதிரையின் முதுகில் கையைத் தொங்கவிட்டு உறங்கியவர் காலையில் மணிக்கட்டு தொங்கிப்போய் எழும்புவதும் நடக்கிறது. பாரிசவாதம் என்று வீடே அழும். அநேகமாக அது மேற்கையில் அழுந்திய நரம்புதான். வாரங்களில், சிலருக்கு மாதங்களில், தெளியும். என்றாலும் வீட்டில் தீர்மானிக்க வேண்டாம். முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் இருந்தால் 1990.

நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் தோள்மூட்டு மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வருவது இன்னொரு வருத்தம். முதலில் இரவுநோவு, பிறகு தலைவாரக் கை எட்டாது, சட்டையின் பின்பக்கக் கொழுக்கியைப் போட முடியாது. தோளைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதே காரணம். பெண்களுக்கும் சலரோகம் உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. ஆகவே தோள் இறுகியவர் சீனி பார்க்காமல் இருக்கக் கூடாது; தோள் வழியாகவே சலரோகம் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று வருடம் இழுக்கும், ஆனால் பெரும்பாலும் தெளியும். அந்தக் காலத்தில் கையைக் கட்டி வைப்பதுதான் பெரிய பிழை. குனிந்து நின்று கையைத் துலாக்கயிறு போலத் தொங்கவிட்டு மெல்ல வட்டமாக ஆட்டுவதும், சுவரை நோக்கி நின்று விரல்களால் சுவரில் ஏறி ஏறிக் கையை உயர்த்துவதும் நாளுக்கு மூன்று தடவை செய்யலாம். ஏறிய உயரத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தால் வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் தெரியும். மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் இயன்மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருமுறை செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலை விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் முக்கியம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விட்டால் தேய்வோ வேலை நோவோ. ஒரு மணித்தியாலம் போயும் கைவிரல் மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கி, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்தால், அது ஆறு வாரமாகத் தொடர்ந்தால், முடக்குவாதமாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் இது. முதல் மாதங்களிலேயே உரிய மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். எண்ணெயோடு ஒரு வருடம் கழித்தால் கோணியது கோணியதுதான். இலங்கையில் 2006இன் பிற்பகுதியிலும் மீண்டும் 2025இலும் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பிறகும் மாதக்கணக்கில் இப்படிக் காலை விறைப்பு நிற்பதுண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இரண்டு தோளும் ஒன்றாக இறுகி, அதோடு கன்னப்பொறியில் தலையிடியும் பார்வை மங்கலும் வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். பார்வை போய்விடும் ஆபத்து உண்டு.

இரவு பிந்திச் சாப்பிட்டு உடனே படுப்பவருக்கு நெஞ்செரிவும் தோட்பட்டைக்கு நடுவே நோவும் வரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் ஒரு கல் வைத்தாற் போதும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல், மெலிவு, இராவேர்வை, அதோடு மேல்முதுகு நோவு என்றால் சளி சோதிக்க வேண்டும். காசநோய்ச் சோதனையும் மருந்தும் அரச வைத்தியசாலைகளில் இலவசம்.

உள்ளே இருப்பவை

எமது வாசகர்களிற் பலர் உடம்பில் செல்துண்டுகளோடு வாழ்கிறார்கள். தசைக்குள் புதைந்து, நரம்புக்கும் குருதிக் குழாய்க்கும் தொலைவில் இருக்கும் துண்டை வைத்தியர்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை. எடுப்பதில் வரும் சேதம் விட்டுவிடுவதிலும் கூடுதலாக இருக்கலாம் என்பதே காரணம்; உங்களைக் கவனியாமல் விட்டதாக எண்ண வேண்டாம். ஆனால் வருடங்கள் கழித்தும் துண்டு சற்று நகரலாம், சீழ் கட்டலாம், நரம்பில் உராயலாம். அந்தப் பக்கம் படுத்தால் மட்டும் குத்துகிறது, புதிதாகக் கட்டி தெரிகிறது, தோல் சிவந்து சுடுகிறது, விரல்களில் பலம் குறைகிறது என்றால் மீண்டும் காட்ட வேண்டும். 2009இல் பழைய காட்டுகளையும் படங்களையும் தொலைத்தவர்கள் அதற்காகப் பின்வாங்கத் தேவையில்லை. ஒரு புதிய எக்ஸ்ரே படமே துண்டைக் காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. படம் எடுக்க அனுப்பினால், உடம்பில் இரும்புத் துண்டு உண்டு என்பதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். அது பெரிய காந்தம், துண்டை அசைத்துவிடும்.

படத்தில் தெரியாத ஒன்றும் உள்ளே இருக்கிறது. உறக்கத்தில் பல்லைக் கடித்து, தோள்களைக் காதுவரை தூக்கி, கையைப் பொத்திக்கொண்டு கிடப்பவர்கள் விடியலில் தாடையும் பிடரியும் தோளும் நொந்து எழும்புகிறார்கள். கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடல், மூன்று மணிக்கு முழிப்பு வந்து பிறகு உறங்காமை இவற்றோடு சேர்ந்து இந்த நோவு வரும். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எமது மக்களின் போர்க்கால உள விளைவுகளைப் பற்றி 1998இல் நூலாகவும், 2010இல் வன்னியைப் பற்றித் தனிக் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறார். மனத்தின் பாரத்தை எமது மக்கள் உடல் நோவாகவே வைத்தியரிடம் கொண்டுவருகிறார்கள் என்பது அவர் போன்றவர்கள் நெடுங்காலமாகக் கண்ட ஒன்று. போர் முடிந்த சில மாதங்களில், 2009இல், யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பும் 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வும் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் இவை கூடுதலாகக் காணப்பட்டன. நோவு பொய் என்று இதற்குப் பொருளில்லை. இறுகும் தசை உண்மையாகவே இறுகுகிறது. உறக்கம் கெட்ட உடம்புக்குச் சிறு நோவும் பெருநோவாகத் தெரியும். அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுக்குப் போவதை விசர் ஆசுப்பத்திரி என்று பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விடியலில் பிடரி நோகும் என்றே நினைக்கிறோம்.

மாத்திரையும் எண்ணெயும்

காய்ச்சலோடு மேல் நோவு வந்தால் அது தனிக் கதை. டெங்கிலும் எலிக்காய்ச்சலிலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல நோகும். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும், கெண்டைத்தசை நோவும், கண் சிவப்பும், சலம் குறைதலும் என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; 2024 டிசெம்பரில் வடக்கில் அது உயிர்களைக் கொண்டுபோனது. விதைப்புக் காலத்தில் அதைத் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கேட்டுப் பெறலாம். எந்தக் காய்ச்சலுக்கும் டைக்குளோபினாக், இபுபுறோபின், அஸ்பிரின் எடுக்க வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பரசிற்றமோல் மட்டும்.

காய்ச்சல் இல்லாத நாளிலும் டைக்குளோபினாக் சிறு மருந்தல்ல. கடையில் ஒரு பட்டை வாங்கி, வேலைக்குப் போகுமுன் ஒன்று, வந்தபின் ஒன்று என்று மாதக்கணக்கில் விழுங்குபவர்களை அறிவோம். அது வயிற்றில் புண்ணையும் இரத்தப்போக்கையும் உண்டாக்கும், பிறஷரை ஏற்றும், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்பவருக்கு அந்தப் பழுது இன்னும் விரைவில் வரும். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் காணப்பட்டு, காரணம் இன்னும் முழுதாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்துக் கமக்காரரையும் பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு தோள் நோவுக்காகச் சிறுநீரகத்தை விற்க வேண்டியதில்லை. தேவையானால் வளர்ந்தவர் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேற்படாமல் எடுக்கலாம். மெலிந்தவரும் ஈரல் வருத்தம் உள்ளவரும் குடிப்பழக்கம் உள்ளவரும் அதிலும் குறைக்க வேண்டும். பெயர் தெரியாத தூளையோ, உடனே சுகம் தரும் என்ற ஊசியையோ ஏற்க வேண்டாம்.

தவிடும் உப்பும் வறுத்துத் துணியில் கட்டிய ஒத்தடம், நொச்சியிலை வேகவைத்த வெந்நீர், பரியாரியார் தரும் எண்ணெய் ஆகியவை இறுகிய தசைக்கு இதம் தருபவை. பதினைந்து இருபது நிமிடம் போதும். சலரோகம் உள்ளவர் சூட்டை மற்றவர் கையால் பார்த்து வைக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த தோல் வெந்தபின்தான் தெரியும். எண்ணெய் போட்டுத் தடவுங்கள். ஆனால் கழுத்தைப் பிடித்துத் திருப்பி நெட்டி முறிக்க யாரையும் விடாதீர்கள். சலூனில் முடி வெட்டியபின் டக்கென்று முறித்துவிடுவது சுகமாக இருக்கும். கழுத்தெலும்பின் ஊடாக மூளைக்குப் போகும் குருதிக்குழாய் அந்த ஒரு திருப்பில் கிழிந்து பாரிசவாதம் வந்தவர்கள் மருத்துவ நூல்களில் இருக்கிறார்கள். முடிவெட்டும் தம்பி கோபித்தாலும் பரவாயில்லை.

கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்த அந்தத் தாய் விருந்தாளிகளின் தலையணையை எடுத்து மூன்று கிழமை படுத்தபின் விறைப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. தோள் இன்னும் முழுதாக எழும்பவில்லை. சீனி பார்த்ததில் கூடுதலாக இருந்தது. இப்போது மாதாமாதம் கிளினிக் போகிறார், சுவரில் கரிக்கோடு ஏறிக்கொண்டிருக்கிறது.

நீங்களும் போவதானால், வைத்தியருக்கு முன்னால் "மேல் நோகுது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த இடம், எத்தனை நாள், எழும்பி எவ்வளவு நேரத்தில் விடுகிறது, எந்த விரல் விறைக்கிறது, காய்ச்சலோ மெலிவோ உண்டா, பழைய காயம் எங்கே என்று சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைப் பட்டைகளையும், கடையில் வாங்கியவை, பரியாரியார் தந்தவை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் மடிக்காமல் கொண்டுபோங்கள்.